நுண்குமிழ் எக்கோ ஆய்வு: வளைவுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

நுண்குமிழ் மருந்து செலுத்தி எடுத்த எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) படங்களிலிருந்து இதயத்தசையின் இரத்த ஓட்டத்தைக் கணினியால் அளவிடுவதே என் முதுநிலை ஆய்வின் பொருள். வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வி, "உங்கள் வரைபடத்தின் நிலைக்குத்து அச்சில் உள்ள எண்ணுக்கு அலகு என்ன?" என்பதாக இருந்தது. அளவீடுகளுக்கு ஏற்ற வளைவைப் பொருத்தும் கணினி நிரலுக்கு நான்கு மாதங்களைச் செலவிட்டிருந்த எனக்கு அதற்கு உடனே விடை வரவில்லை. இத்துறைக்கு வருபவர்கள் நான் போன வரிசைக்கு நேர்மாறாகப் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடிப்படை எளிமையானது. சில மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நுண்குமிழ்கள் நாளங்களை விட்டு வெளியேறாமல், செங்குருதி அணுக்களைப் போலவே நுண்குழாய்கள் வரை செல்கின்றன. மருந்தைச் சீரான வேகத்தில் செலுத்திக்கொண்டே, வலுவான ஒலித்துடிப்பால் தசையிலுள்ள குமிழ்களை உடைத்துவிட்டு, பின்னர் குமிழ்களைச் சிதைக்காத குறைந்த ஒலியழுத்தத்தில் அவை மீண்டும் நிரம்புவதைப் படம்பிடிக்கிறோம். 1998இல் கெவின் வெய், சஞ்சீவ் கவுல் உள்ளிட்டோர் வெளியிட்ட முறைப்படி, ஏறிச் சமநிலை அடையும் அந்த வளைவின் உச்சமான 'ஏ' தசையிலுள்ள இரத்தத்தின் கொள்ளளவையும், ஏறும் வேகமான 'பீட்டா' இரத்தத்தின் வேகத்தையும், இரண்டின் பெருக்கற்பலன் ஓட்டத்தையும் குறிக்கின்றன.

நான் தவறியது அலகில்தான். திரையில் தெரியும் சாம்பல்நிற அளவு மடக்கையால் சுருக்கப்பட்டது. குமிழ்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருப்பது சுருக்கத்துக்கு முந்தைய ஒலித்திறன் மட்டுமே. சுருக்கிய எண்களில் வளைவைப் பொருத்தினால் தொடக்கப் பகுதி மிகையாக உயர்ந்து, பீட்டா உண்மையைவிடப் பெரிதாகக் கிடைக்கும். வளைவோ அப்போதும் அழகாகவே பொருந்தி நிற்கும் என்பதால் பிழை கண்ணில் படாது. ஆகவே சுருக்கத்துக்கு முந்தைய தரவைக் கருவியிலிருந்து பெற முடியுமா என்பதை முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். பெற்ற பின், உடைத்ததை அடுத்த முதல் பிரேமைப் பின்னணியாகக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது பிரேம் தேர்வு. ஈசிஜியைக் கொண்டு ஒவ்வொரு இதயத்துடிப்பிலும் இதயம் சுருங்கி முடியும் கணத்தின் பிரேமை மட்டும் எடுத்தால், தசைக்குள் உள்ள பெரிய நாளங்கள் பிழியப்பட்டிருப்பதால் சமிக்ஞை பெரும்பாலும் நுண்குழாய்களிலிருந்தே வரும். மூச்சினால் படம் நகர்வதைச் சரிசெய்யாமல் விட்டால், ஓரிரு பிக்சல் விலகலிலேயே இதய அறையின் பளிச்சென்ற இரத்தம் அளவிடும் பகுதிக்குள் புகுந்துவிடும். என் தரவில் பொருந்தாத வளைவுகள் பலவற்றுக்கும் காரணம் இந்த நகர்வுதானே தவிர, கணிதம் அன்று.

ஓய்வு நிலையில் தசை நிரம்ப ஏறத்தாழ 5 விநாடிகள் ஆகின்றன. எனவே பதிவு அதைத் தாண்டி நீள வேண்டும். வளைவு சமநிலைக்கு வருமுன் பதிவு நின்றுவிட்டால் ஏயையும் பீட்டாவையும் தனித்தனியே நம்ப முடியாது. ஆனால் தொடக்கச் சாய்வு இரண்டின் பெருக்கற்பலனுக்குச் சமம் என்பதால் அது ஓரளவு தப்பிப் பிழைக்கும். இதை ஒரு தாளில் வகையிட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தேர்வாளர்கள் விரும்பிக் கேட்கும் இடம் இது.

விலா எலும்பின் நிழல் விழுந்த பகுதிகளை நீக்கும் விதியை முடிவுகளைப் பார்க்கும் முன்பே எழுதிவிட வேண்டும். இதயத்தைப் பதினேழு துண்டங்களாகப் பிரித்திருந்த நான், பக்கச் சுவரின் இரண்டை ஏன் விட்டேன் என்று கேட்டார்கள். விதி எழுதிய தேதியைக் குறிப்பேட்டில் காட்டி, நிழல் விழுந்த பிரேமையும் திரையில் போட்டேன். அதன்மேல் வேறு கேள்வி எழவில்லை.