தரங்கம்பாடித் திருவிருந்து

எட்டு மாதமாக நான் திருவிருந்து எடுக்கவில்லை, பீடத்தில் அப்பமும் ரசமும் வாங்கவில்லை. கோயிலுக்குப் போகாமல் இல்லை. முதல் மணி அடிக்கும்போதே பாமாலையும் வேதாகமமும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காணிக்கையை எண்ணி எழுதுவதும் நான்தான். ஆனால் போதகர் ஐயர் பீடத்துக்கு அழைக்கும் நேரம் வந்தால் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருந்தேன்.

காரணம் ஒரு பளிங்குக் கல். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் கோயிலைப் புதுப்பித்து முடித்தபோது, வாசலில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்தார்கள். 25,000 ரூபாயும் அதற்கு மேலும் கொடுத்தவர்கள் மட்டும். என் அப்பா தச்சுவேலை செய்தவர். பீடத்துக்கு முன்னால் சபையார் முழங்காலிடும் தேக்குக் கிராதி அவர் கைவேலை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, பகலெல்லாம் கூலி வேலைக்குப் போய்விட்டு, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து இழைப்பார். கால்கள் எல்லாம் கடைசல் பிடித்தவை. நாற்பது நாளுக்கு மேல் ஆனது, ஒரு பைசா வாங்கவில்லை. புதுப்பிக்கும்போது அதைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் கம்பி போட்டார்கள். கல்லிலும் அப்பா பெயர் இல்லை. கட்டடக் கமிட்டியில் இருந்த ஒரு அண்ணனிடம் கேட்டேன். "ரசீது ஏதாவது இருக்கா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை எரித்துவிட்டது. கோயில் முற்றத்திலேயே, எல்லோரும் பார்க்க, சொல்லக் கூடாததை எல்லாம் சொன்னேன். அன்று பூட்டிக்கொண்ட மனசுதான்.

மகள் வீடு இப்போது மயிலாடுதுறையில். பேத்தியைப் பார்க்கப் போன இடத்தில், தரங்கம்பாடி இங்கிருந்து ஒரு மணி நேரம்தான் என்றாள் மகள். ஞாயிறு பள்ளியில் படித்த காலத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்த ஊர். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினேன். செம்பனார்கோயில், ஆக்கூர் தாண்டித் திருக்கடையூர் வந்ததும் பாதிப் பஸ் காலியானது. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம், மாலைப் பையும் தாம்பாளமுமாக இறங்கியது. மாப்பிள்ளைத் தாத்தா இறங்கும்போது படியில் நின்று தன் மனைவிக்குக் கை கொடுத்தார். பார்க்க நன்றாக இருந்தது.

தரங்கம்பாடியில் இறங்கி, 1792-ல் டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர் கட்டிய வெள்ளை வாசல் வழியாக நுழைந்தால் நேராக ராஜவீதி. தெருவின் கோடியில் கடல் தெரிகிறது. வழியில் ஒரு பக்கம் டேனியர் தங்களுக்காக 1701-ல் கட்டிய சீயோன் கோயில். அது இப்போது எங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. முறையாகப் பார்த்தால் நான் அங்கேதான் போயிருக்க வேண்டும். ஆனால் நான் தேடி வந்தது தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் சபையின் புதிய எருசலேம் கோயிலை. ஆராதனை மறுநாள் காலையில்தான் என்பதால் முதலில் கடற்கரைக்குப் போனேன்.

1706 ஜூலை 9-ஆம் தேதி, பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் கப்பலில் வந்து இறங்கிய கரை அது. அவரோடு புளூட்சோ என்ற இன்னொரு ஐயர். ஜெர்மனியில் பிறந்த இந்த இருவரையும் சுவிசேஷம் அறிவிக்க அனுப்பியது டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். சீகன்பால்குக்கு அப்போது வயது 24 கூட நிறையவில்லை. வந்தவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஒரு முதிய திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் தமிழ் எழுத்து எழுதிப் பழகியது. அ எழுதி, கையால் அழித்து, ஆ எழுதியிருப்பார். எங்கள் ஊர் ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன். அந்தக் கரையிலேயே நின்றபோதுதான் அந்த வாத்தியாரை முதன்முதலாக நினைத்தேன். அவர் சொல்லிக்கொடுக்காவிட்டால் எங்களுக்குப் புதிய ஏற்பாடு ஏது? கரையில் சீகன்பால்கு வந்து இறங்கியதற்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வாத்தியாருக்கு ஒரு கல்லையும் நான் காணவில்லை.

அதோடு விடவில்லை கடல். 1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தச் சின்ன சபைக்காக அதே வருடம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி பிரதிஷ்டை பண்ணிய முதல் எருசலேம் கோயில் இன்று இல்லை. கடல் கொண்டுபோய்விட்டது. செங்கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு குழைத்தவர்கள், மரம் இழைத்த தச்சர்கள், அத்தனை பேருடைய வேலையும் இந்த அலைக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது, அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. என் அப்பா ஒரு நாளாவது பெயர் கேட்டாரா? கேட்டதெல்லாம் நான்தானே.

கொஞ்சம் தள்ளி டேன்ஸ்போர்க் கோட்டை, 1620-ல் கட்டியது. அதற்குள்தான் சீகன்பால்குவை நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். அடைத்தது வேறு மதத்துக்காரர்கள் இல்லை, அதே சபையைச் சேர்ந்த டேனியக் கோட்டைத் தளபதி. 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கியவரை அடுத்த மாதமே சிறையில் போட்டார்கள். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711 மார்ச் 31-ல் முடித்தார். 1715-க்குள் முழுவதும் இந்த ஊரிலேயே அச்சாகி வந்தது. தமிழில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு. சொந்த ஆட்களே சிறையில் வைத்தார்கள் என்று அவர் பேனாவைக் கீழே வைத்திருந்தால்?

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கோயில் வாசலில் இருந்தேன். முகப்பில் டென்மார்க் மன்னரின் கிரீடமும் பெயரெழுத்தும். உள்ளே போனால் கோயிலே சிலுவை வடிவம். கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. 1717 பிப்ரவரியில் அஸ்திவாரம் போட்டு, 1718 அக்டோபர் 11-ல் பிரதிஷ்டை செய்திருக்கிறார்கள். நான்கரை மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரி 23-ல் சீகன்பால்கு இறந்துபோனார். 36 வயது. பீடத்தின் அருகிலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

1717 என்ற வருடம் மனதில் நின்றது. சரியாக 200 வருடம் முன்பு, 1517-ல், மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பதை எதிர்த்து எழுதினார். காசு கட்டினால் மன்னிப்புக்குச் சீட்டு. அதுவும் ஒரு ரசீதுதான். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, கிருபைக்கு ரசீது கிடையாது என்பதைத்தானே. 'இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு' என்று எபேசியர் நிருபத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த வசனம். அதை மனப்பாடம் செய்த வாயால்தான் எங்கள் கோயில் முற்றத்தில் கத்தினேன். அந்த அண்ணன் என்னிடம் ரசீது கேட்டார் என்று கோபித்தேன். அப்பா செய்த வேலைக்கு ரசீதாகக் கல்லில் ஒரு வரி வேண்டும் என்று நான் ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று திருவிருந்து ஆராதனை. பாவ அறிக்கை சொல்லும்போது சிந்தையினாலும் வாக்கினாலும் கிரியையினாலும் என்ற இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. பிரசங்கம் முடிந்து, காணிக்கை எடுத்து, ஆயர் பீடத்துக்கு அழைத்தார். வரிசை வரிசையாக எழுந்தார்கள். நான் பழக்கப்படி குனிந்து உட்கார்ந்தேன். காணிக்கை கொண்டுவந்தவன் சகோதரனோடு ஒப்புரவாகாமல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகட்டும் என்று இயேசு சொன்னது ஞாபகம் வந்தது. எனக்குத் தகுதி இல்லை என்று எனக்கே நன்றாகத் தெரியும்.

பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். வெளியூர் என்று பார்த்ததும் தெரிந்து, பாட்டு எண் எல்லாம் எடுத்துக் கொடுத்தவர். பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். எழுந்தவர் என்னைப் பார்த்து, "வரலையாம்மா?" என்றார்.

"தகுதி இல்லைம்மா" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "முப்பது வருசம் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டேன். பசிக்குதான்னுதான் கேப்பேன். தகுதி இருக்கான்னு ஒருத்தரையும் கேட்டதில்ல. எந்திரி."

எழுந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய் முழங்காலிட்டேன். அவர் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தியபோது பார்த்தேன். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பழைய வெந்த தழும்பு, கஞ்சி வடிக்கும்போது பட்டதாக இருக்கும். விரல் நுனிகள் எல்லாம் கத்தி கீறிக் கறுத்துப் போயிருந்தன. அந்தக் கையில் அப்பம் வைத்தார் ஆயர். அடுத்தது என் கை. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சின்ன அப்பம் நாக்கில் கரைந்தபோது அழுதுவிட்டேன். எங்கள் ஊர் அசனத்தில் பெரிய பந்தல் போட்டு, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, வருகிறவர்களுக்கு எல்லாம் போடுவோம். ஒரு மூட்டை அரிசி கொடுத்தவருக்கும் ஒன்றும் கொடுக்காதவருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. சின்ன வயதிலிருந்து அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். பந்தியில் புரிந்தது பீடத்தில் ஏன் புரியாமல் போனது என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாவிடம் ஊரையும் பேரையும் சொன்னேன். காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். குடித்தேன்.

ஊர் திரும்பிய அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அன்னைக்கு முற்றத்துல சத்தம் போட்டதுக்கு மன்னிச்சிருங்க அண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் ரசீது கேட்டிருக்கக் கூடாது தங்கச்சி. சொன்ன நிமிஷமே தப்புன்னு தெரிஞ்சுது. அப்புறம் வந்து பேசத்தான் தைரியம் வரல" என்றார். மதினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். கல்லைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

கிராதி எங்கே என்று கேட்டேன். உபதேசியார் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி, டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே கூட வந்தார். சாக்கை விலக்கி, மேல்கட்டையை இருவருமாகத் தூக்கிப் புரட்டினோம். அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தச்சுப் பென்சிலால் எழுதிய எழுத்து அழியாமல் இருந்தது. அப்பா கையெழுத்துதான். அவருடைய '3' எப்போதும் வயிறு பருத்திருக்கும். 3 அடி 2 அங்குலம், கால் 7. அளவு மட்டும் எழுதியிருந்தார், பெயர் இல்லை.

அண்ணன் டார்ச்சை அசைக்காமல் அதன் மேலேயே பிடித்திருந்தார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடும் மேடைக்கு முன்னால் இதை வைத்தால் நன்றாக இருக்கும், ஆனால் பழைய வார்னிஷை எல்லாம் தேய்த்து எடுக்க வேண்டும் என்றார். உப்புத்தாள் நான் வாங்கி வருகிறேன் என்றேன்.