188 மார்க்கும் ஒரு காற்புள்ளியும்

2006-இல் பிளஸ் ஒன் சேர்ந்தபோது தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, மார்க்தான். தமிழில் எவ்வளவு எழுதினாலும் குறைத்துவிடுவார்கள், பிரெஞ்சு என்றால் கண்ணை மூடிக்கொண்டு 200-க்கு 190 வாங்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், அம்மா நம்பினார், விண்ணப்பத்தில் டிக் அடித்தாயிற்று. இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேரவே சேராது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, அவ்வளவுதான். கடைசியில் நான் வாங்கிய 188, சொந்தக்காரர்களிடம் 1200-க்கு எவ்வளவு என்று சொல்லிக்கொள்ள மட்டும் உதவியது.

சரி, பிரெஞ்சு பேச வந்ததா? இல்லை. பாடத்தையும் பதிலையும் மனப்பாடம் செய்து ஒப்பித்ததற்கு எப்படி வரும்? சில வருடம் கழித்து ஆசைக்கு, பிரெஞ்சு எவ்வளவு தெரியும் என்று சோதிக்கிற டெல்ஃப் தேர்வின் மாதிரித்தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன், அதுவும் ஆகக் கீழ்ப்படியான ஏ1. வாசிக்கும் பகுதியை எப்படியோ ஒப்பேற்றினேன். ஒலிப்பதிவைப் போட்டதும் ஒரு வார்த்தை எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. அதனால், பள்ளியில் வெளிநாட்டு மொழி படித்தால் வெளிநாட்டில் வேலை என்று விளம்பரம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. கனடாவில் குடியேற பிரெஞ்சுக்குக் கூடுதல் புள்ளி உண்டு என்பது உண்மைதான், ஆனால் அந்த அளவுக்கு வர பள்ளிப் பாடம் போதாது.

எனக்குக் கிடைத்தது வேறு. எண்கள் நடத்திய அன்று வகுப்பே சிரித்தது. 80-ஐ 'நாலு இருபது' என்கிறார்கள், 97 என்றால் 'காத்ர்-வேன்-தீ-செத்', அதாவது நாலு இருபது, பத்து, ஏழு. (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 90-க்குத் தனிச்சொல் வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள்.) இதென்ன கூத்து என்று நாங்கள் சிரித்து முடித்ததும், "தமிழில் 90 எப்படிச் சொல்வீர்கள்?" என்று மிஸ் நிதானமாகக் கேட்டார். தொண்ணூறு. "அதில் நூறு எங்கிருந்து வந்தது?" வகுப்பு கப்சிப். எண்பது வரைக்கும் பத்து பத்தாகப் போன கணக்கு திடீரென்று நூறில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, 900-க்கு வந்தால் தொள்ளாயிரம், அதில் ஆயிரம்! பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூடக் காதில் உறுத்தியதில்லை. நன்னூல் இதற்கென்று ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன், தமிழை விட்டுவிட்டு வந்தவன் நன்னூலைத் தேடிய கதை இது.

'த்யூ', 'வூ' வித்தியாசம் மட்டும் எங்களுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்தது. நீ, நீங்கள். ஆங்கிலம் வழியாக அதை விளக்க புத்தகம் அரைப் பக்கம் எடுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் வேலைக்கு வந்து, கனடாவில் பிரெஞ்சு பேசும் மான்ட்ரியலில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அவர்கள் அனுப்பிய கோப்பை ஏற்றினால் 12 டாலர் 50 சென்ட் என்று இருக்க வேண்டிய தொகை 1250 டாலராக நின்றது. எல்லாத் தொகையும் அப்படி இல்லை, முழு டாலரில் இருந்தவை சரியாகவே வந்தன, அதுதான் குழப்பியது. இரண்டு நாள் நாலு பேர் புரோகிராமைத் துருவினோம். மூன்றாம் நாள் மூலக் கோப்பைச் சும்மா திறந்து பார்த்தேன். 12,50 என்று இருந்தது, ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி. சட்டென்று பிளஸ் டூ பேப்பர் ஒன்று ஞாபகம் வந்தது. கடையில் விலை கேட்கும் உரையாடலில் 3.50 என்று எழுதியிருந்தேன், மிஸ் அந்தப் புள்ளியைச் சிவப்பில் வட்டமிட்டு, வாலை இழுத்துக் காற்புள்ளி ஆக்கி, அரை மார்க் குறைத்திருந்தார். நாம் தசமப் புள்ளி வைக்கிற இடத்தில் பிரெஞ்சில் காற்புள்ளிதான் வரும், ஆயிரத்துக்குக் கொஞ்சம் இடம் விடுவார்கள். நம் மென்பொருளோ அதை ஆயிரம் பிரிக்கிற கமா என்று நினைத்து எடுத்து வீசிவிட்டது.

திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மேனேஜர் கேட்டார். பிளஸ் டூவில் பிரெஞ்சு படித்தேன் சார் என்றேன்.

"அப்படியா, எவ்வளவு மார்க்?"