டியூப்பிலிருந்து மார்புக்கு

30 வாரத்தில் பிறந்த என் மகளுக்கு முதல் சீம்பால் போனது, வாய்வழியாக இரைப்பைக்குள் விடப்பட்ட மெல்லிய டியூப்பில்தான். மூக்கு வழியாகவும் அதை விடலாம் என்றாலும், பச்சிளங்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கினாலேயே சுவாசிப்பதால், இவ்வளவு சிறிய குழந்தைக்கு வாய்வழியே நல்லது என்று மருத்துவர் முடிவு செய்தார். செவிலியர் பிஸ்டனை எடுத்துவிட்ட சிரிஞ்சை டியூப்பில் பொருத்தி உயர்த்திப் பிடிப்பார். பால் தன் எடையால் மெல்ல இறங்கும், யாரும் அழுத்தித் தள்ளுவதில்லை.

அவள் தூக்கத்திலும் உதட்டைச் சப்புவதைப் பார்த்த மாமியார், “பசிக்குது போல, மார்பிலேயே கொடுத்துப் பார்க்கலாமே” என்றார். கருவிலேயே சப்பத் தொடங்கிவிடும் குழந்தைக்கு, சப்புதலையும் விழுங்குதலையும் மூச்சையும் ஒன்றோடொன்று இணைக்கும் திறன் ஏறத்தாழ 32 முதல் 34 வாரங்களில்தான் அமையத் தொடங்கும் என்றும், அதற்கு முன் வாயில் பால் விட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்றும் செவிலியர் பொறுமையாக விளக்கினார்.

அந்தக் காத்திருப்பு வெறும் காத்திருப்பாக இருக்கவில்லை என்பதைத்தான் இதே நிலையில் இருக்கும் தாய்மார்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறைப்படி, அவளை என் வெற்று நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பேன். பிறகு, பாலை முழுதும் பீய்ச்சி எடுத்துவிட்டு மார்பில் அவளைச் சப்பவிடச் சொன்னார்கள். அதே நேரத்தில் டியூப்பில் பால் இறங்கும். பால் வராத மார்பைச் சப்புவதால் என்ன பயன் என்று பலரும் கேட்டார்கள். அப்படிச் சப்பிப் பழகும் குறைமாதக் குழந்தைகள் டியூப்பிலிருந்து வாய்வழிப் பாலுக்கு விரைவாக மாறுகின்றன என்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. வயிறு நிறைவதையும் வாய் அசைவதையும் அவள் ஒன்றாக அறியத் தொடங்கினாள் என்றே நான் நம்புகிறேன். இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் பீய்ச்சியது கடினமாகத்தான் இருந்தது, ஆனால் அதனால்தான் சுரப்பு வற்றாமல் இருந்தது.

அடுத்து பாலாடை, அதாவது குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம். பாட்டில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். பாலை வாயில் ஊற்றாமல், பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, ஒரு வாய் விழுங்கி மூச்சு விட்ட பின்பே அடுத்ததைத் தர வேண்டும். விரல்களை விரித்தாலோ, முகம் நிறம் மாறினாலோ, மானிட்டரில் ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ உடனே நிறுத்தி, மீதியை டியூப்பில் கொடுத்துவிடுவார்கள். களைத்துப்போன குழந்தையைத் தட்டி எழுப்பிக் குடிக்கவைக்காத அந்த அணுகுமுறைக்கு நான் மிகவும் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

மார்பில் குடிக்கத் தொடங்கியபோது சில முறை சப்பி நெடுநேரம் ஓய்வெடுப்பாள். வாய்வழிப் பாலிலேயே எடை ஏறுவது உறுதியான பிறகு டியூப்பை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின்னும், மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை, மார்பில் குடித்து முடித்ததும் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் சேர்த்துக் கொடுத்துவந்தேன்.