மூன்று வருடம் பிரிக்காத அவசரப் பை

டார்ச்சின் மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. இரவு இரண்டரை மணி. மின்சாரம் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. வாசல்படியில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்கிறது. இந்த மாதிரி ஓர் இரவுக்காகவே மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கி வைத்த டார்ச் அது.

வெள்ளம் வடிந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. உங்கள் வீட்டிலும் அவசரப் பை என்று ஒன்றைக் கட்டி அலமாரி மேல் போட்டிருந்தால், இதைப் படித்த கையோடு இறக்கிப் பிரித்துப் பாருங்கள். பேட்டரிகளை டார்ச்சுக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். வெளியே எடுத்து, பக்கத்திலேயே தனிக் கவரில் போட்டு வையுங்கள்.

நாங்களும் அக்கறையோடுதான் கட்டினோம். முதலுதவிப் பெட்டி, விசில், ரேடியோ, சான்றிதழ்களின் ஜெராக்ஸ், எல்லாம் இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், மூன்று நாளைக்குத் தண்ணீர் வேண்டும் என்பார்கள். எங்கள் மூன்று பேருக்கு 36 லிட்டர் வாங்கி அடுக்கியிருந்தோம். 36 கிலோவை இருட்டில் யார் தூக்குவது என்று அன்றைக்கு வரை யோசிக்கவில்லை. அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் உதவும். வெளியேறும்போது ஆளுக்கு ஒரு பாட்டிலுக்கு மேல் முடியாது. இரண்டுக்கும் இரண்டு ஏற்பாடு வேண்டும்.

எங்களை எழுப்பியது என் போனுக்கு வந்த எச்சரிக்கை. சைலண்டில் போட்டிருந்தும் சைரன் போல அலறியது. அதே மேசையில் இருந்த என் கணவரின் போன் வாயே திறக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் சோதனைக்காக இதே சத்தம் வந்தபோது, தொல்லையாக இருக்கிறதென்று செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கையை அணைத்துவிட்டிருக்கிறார். அன்றைக்கு நான் ஊரில் இல்லாமல் அவரும் அப்பாவும் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி அந்த ஒரு பட்டனைப் பார்த்துவிடுங்கள்.

"காரை எடுத்துடலாம், அப்பாவால நடக்க முடியாது" என்றார் கணவர். நான் விடவில்லை. ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே நிற்கிற ஆளைத் தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் சின்னக் காரை இழுத்துக்கொண்டு போகும் என்று எங்கோ படித்தது மனதில் நின்றிருந்தது. தெருவில் அப்போது கணுக்கால் அளவுதான். மெயின் சுவிட்சை அணைத்தோம். அப்பாவை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு, ஒரு கம்பால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே மேட்டுத் தெருவில் இருந்த முகாமுக்கு நடந்தோம். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் அந்த வழியே இருந்திருக்காது.

முகாமில் இடம் உடனே கிடைத்தது. பிரச்சினை காலையில்தான் ஆரம்பித்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும். அவருடைய இன்சுலின் வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. பையில் பஞ்சு இருந்தது, கட்டுத்துணி இருந்தது, இன்சுலின் இல்லை. குளிரில்தான் இருக்க வேண்டும், பையில் வைத்தால் கெட்டுவிடும் என்று நினைத்து, கட்டிய நாளிலேயே அதைப் பட்டியலில் இருந்து விட்டுவிட்டேன். கிளம்பும்போது இருட்டில் ஃபிரிட்ஜ் ஞாபகமே வரவில்லை.

பதிவு மேசையில் இருந்தவரிடம் போய் நின்றேன். "அதெல்லாம் இங்க கிடையாதும்மா, மருத்துவ முகாமுக்குப் போங்க" என்றார். அது நான்கு கிலோமீட்டர் தள்ளி. சேற்றிலும் தண்ணீரிலும் சுற்றுவழியில் நடந்து போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அங்கே இருந்தவர் மருந்துச் சீட்டு கேட்டார். சீட்டின் படம் போனில் இருந்தது. போன் செத்துப்போயிருந்தது. சார்ஜ் போட ஓர் இடம் கேட்டேன். ஜெனரேட்டர் மருத்துவக் கருவிகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம் என்றால், பச்சை மூடி போட்ட குப்பி என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பெயர் தெரியாமல் தர மாட்டேன் என்றதில் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அது சரிதான். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது, நகருங்கள் என்று என்னைத் தள்ளி அனுப்பியதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அப்பாவுக்கு அடுத்த பாயில் இருந்த ஒரு வயதான அம்மா கேட்டார், "மாடியில நர்ஸ் இருக்காங்களே, அவங்கள பாத்தீங்களா?"

எங்கள் முகாமிலேயே, மாடியில், ஒரு நர்ஸ். முந்தைய இரவிலிருந்து இருக்கிறார். பதிவுத் தாளில் 'தொடர் மருந்து எடுப்பவர் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்ததாம். எங்களைப் பதிந்தபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை, கட்டம் காலியாகவே விடப்பட்டிருந்தது. கேட்டிருந்தால் எட்டு கிலோமீட்டர் நடை இல்லை, ஒரு வேளை மருந்தும் தவறியிருக்காது. முகாமில் பதியும்போது அவர்கள் கேட்பதற்காகக் காத்திருக்காதீர்கள். வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று நீங்களே சொல்லி, அதை எழுதுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

நர்ஸும் பெயரைத்தான் கேட்டார். கூடவே, மில்லிக்கு 40 யூனிட் குப்பியா, 100 யூனிட் குப்பியா என்றும் கேட்டார். இரண்டும் உண்டு, அதற்கேற்ப சிரிஞ்சும் மாறும், மாற்றிப் போட்டால் அளவு தவறி உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். அப்பா மருத்துவமனையில் இருந்தபோது வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு அந்தச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணும் அக்காவுடையதுதான். நர்ஸின் போனில் நான்கு முறை அழைத்தும் லைன் கிடைக்கவில்லை. குறுஞ்செய்தி போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முயலும்போது அழைப்பு சிக்கிக்கொள்ளும், சின்னச் செய்தி எப்படியாவது நுழைந்துவிடும். பத்து நிமிடத்தில் மருந்தின் பெயர், யூனிட், வேளை எல்லாவற்றையும் அக்கா அனுப்பிவிட்டாள். மதியத்துக்குள் ஊசி போட்டாயிற்று. அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

நர்ஸ் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். திறக்காத குப்பிதான் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் குப்பி, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நான்கு வாரம் வரை தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் என்று மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உறைந்துபோனால் குப்பைதான். ஐஸ் கட்டிமேல் நேராக வைத்து எடுத்துப் போகிறவர்கள் கவனியுங்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை மெயினைத் தொடவில்லை. காரில் இருக்கை வரை தண்ணீர் ஏறிய அடையாளம் இருந்தது. கணவர் சாவியை எடுத்ததும் எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து தடுத்தார். அவர் தன் காரை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டார். இன்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அது அமுங்காது, உள்ளே கம்பி வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்குத்தான் பணம், ஸ்டார்ட் செய்ததால் வந்ததற்கு இல்லை என்று அவருடைய காப்பீட்டு நிறுவனம் சொல்லிவிட்டது. எங்கள் காரைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோனோம்.

வீட்டுக் காப்பீட்டுக்கு நான் நடந்த நடை தனி. பாலிசியின் அசல், கீழ் டிராயரில் ஊறிப்போய்க் கூழாக இருந்தது. பையில்தான் ஜெராக்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்பவோ முடிஞ்சுபோச்சே" என்றார். மூன்று வருடத்துக்கு முந்தைய பாலிசி. இடையில் நிறுவனத்தையே மாற்றியிருந்தோம். நான் போய் நின்றது பழைய நிறுவனத்தின் வாசலில். ஒரு நாள் போனது. சரியான இடத்தில் புதுப் பாலிசி எண்ணைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள்.

ஒரே ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்திருந்தோம். 'எதையும் கழுவுவதற்கு முன்னால் படம் எடுங்கள்' என்று முகாமில் ஒரு தன்னார்வலர் சொல்லியிருந்தார். சுவரில் சேறு நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து, அறை அறையாக எடுத்தோம். தரைவிரிப்பை வெளியே போடும் முன் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டோம். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் அந்தத் துண்டைப் பார்த்ததும் மறுபேச்சு பேசவில்லை. படம் எடுக்காமல் முதல் நாளே தூக்கி எறிந்த மெத்தைகளுக்கு மட்டும் கையை விரித்துவிட்டார்.

அப்பாவின் பள்ளிச் சான்றிதழ்கள் நனைந்திருந்தன. அவருக்கு அதுதான் பெரிய துக்கம். ஈரத் தாளில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். உடனே உலர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும், நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். எங்களுக்கு மின்சாரமே இல்லாததால், வழி திறந்த அன்றே கணவர் அவற்றை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் ஃப்ரீசரில் வைத்தார். போன வாரம் ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைத்தாள் இடையில் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். ஒன்றில் மட்டும் முத்திரை கரைந்துவிட்டது. மற்றதெல்லாம் படிக்க முடிகிறது.

இப்போது பையின் மேல் கொட்டை எழுத்தில் 'ஃபிரிட்ஜ்: இன்சுலின்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்ளே மருந்துகளின் பெயரும் அளவும், ஐந்து பேரின் போன் எண்களும் கையால் எழுதிய தாள், பிளாஸ்டிக் கவருக்குள். பாலிசி புதுப்பிக்கும் நாளில் பையையும் பிரிப்பது என்று முடிவு. மெத்தைகளுக்காக, பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த படத்தில் வாசலில் அவை கிடப்பது தெரிவதால், அதை இணைத்து மறுபரிசீலனை கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.