எல்லைக்கல் நடாத ஒப்பந்தம்

எரித்திரியாவும் எத்தியோப்பியாவும் தங்கள் எல்லைப் போரை முடிக்க 2000 டிசம்பர் 12 அன்று அல்ஜியர்ஸில் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மேலோட்டமாகப் படித்தால் குறை தெரியாது. ஐந்து பேர் ஆணையம் எல்லையைச் சொல்லும், அதுவே இறுதி. ஏற்க மறுக்கும் நாட்டை வழிக்குக் கொண்டுவருவது யார் வேலை என்று மட்டும் எழுதவில்லை.

ஆணையத்தின் கையையும் கட்டிவிட்டார்கள். 1900, 1902, 1908இல் அன்று எரித்திரியாவை ஆண்ட இத்தாலியோடு எத்தியோப்பியா போட்ட காலனியக் கால உடன்படிக்கைகளையும் சர்வதேசச் சட்டத்தையும் வைத்தே தீர்ப்பு. நியாயம் பார்த்து விட்டுக்கொடுக்கும் அதிகாரம் கிடையாது. கோடு ஒரு கிராமத்தின் நடுவே ஓடினாலும், இரு தரப்பும் சம்மதிக்காமல் அதை நகர்த்த முடியாது. என் கணிப்பில் பெரிய பிழை இதுதான்.

2002 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 1998இல் போர் தொடங்கிய எல்லை ஊரான பாத்மே எந்தப் பக்கம் என்று அதில் வெளிப்படையாக இல்லை. இரு அரசுகளும் ஜெயித்ததாக அறிவித்தன! பாத்மே எரித்திரியாவுக்கே என்று பிறகு தெளிவானது. களத்தில் வென்றிருந்த எத்தியோப்பியா, பல்லாயிரம் உயிர் கொடுத்த ஊரை விட்டு நகரவில்லை.

எல்லையைத் தாளில் வரையறுப்பது ஒரு வேலை, தரையில் கல் நடுவது வேறு வேலை. இரண்டாவது முடியவே இல்லை. ஆணையம் 2007 நவம்பரில் வரைபடப் புள்ளிகளோடு நிறுத்திக்கொண்டது. இரு படைகளையும் பிரித்து வைக்க ஏற்படுத்திய 25 கி.மீ. அகல இடைவெளி மண்டலம் முழுக்க எரித்திரிய மண்ணில்தான் இருந்தது. அந்நாடு கெடுபிடியை இறுக்க, ஐ.நா. அமைதிப்படை 2008இல் வெளியேறியது.

போரும் இல்லை, அமைதியும் இல்லை. அதைக் காரணம் காட்டியே எரித்திரியாவில் 18 மாதத் தேசியப் பணி (கட்டாய ராணுவச் சேவை) முடிவில்லாமல் நீண்டது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டு ஓடினார்கள். அந்தத் தலைமுறை இழந்ததை யாராலும் ஈடுசெய்ய முடியாது.

2018இல் எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமது தீர்ப்பை ஏற்றார். பாத்மேயை நிர்வகித்த வட எத்தியோப்பிய மாநிலமான டிக்ரேயின் தலைவர்களைச் சேர்க்காமல், அவர்களுக்குப் பரம எதிரியான எரித்திரிய அரசோடு கைகுலுக்கினார். அப்போதும் கல் நடவில்லை. 2020 நவம்பரில் டிக்ரேயில் போர் மூண்டதும் எரித்திரியப் படை உள்ளே புகுந்தது; பாத்மேயும் அதன் கைக்குப் போனது.

அந்தப் போரை நிறுத்த 2022 நவம்பர் 2 அன்று தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் கையெழுத்திட்டவர்கள் எத்தியோப்பிய அரசும், டிக்ரேயை ஆண்ட கட்சியான டிக்ரே மக்கள் விடுதலை முன்னணியும் மட்டுமே. எரித்திரியா அந்த மேசையிலேயே இல்லை.