குளிர் வந்தால் மட்டும் கிடைப்பவை

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை ஜாக்கெட்டைப் பற்றியது. அடுத்தது வேலை, அதற்கடுத்தது வாடகை. நவம்பரிலிருந்து மார்ச் வரை நீளும் மாலைகளை என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புகிறார்கள். மறுநாள் வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. டிசம்பர் நடுவில் பின்னேரம் நாலே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆண்டின் மிகக் குறுகிய நாளில் பகல் ஒன்பது மணி நேரம்கூட நீடிக்காது. என்னை அழுத்தியது அந்த இருட்டுத்தான். குளிருக்கு உடுப்பு இருக்கிறது, இருட்டுக்கு இல்லை.

இங்கே சில குளிர்காலங்களைக் கடந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. குளிரை மறக்க வைக்கும் பொழுதுபோக்குகள் ஒரு வகை: படம் பார்ப்பது, பின்னல், புத்தகம், வாத்தியம். குளிர் இல்லாவிட்டால் நடக்கவே முடியாதவை இன்னொரு வகை. முதல் வகை நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வைத்திருப்பவர் மனதுக்குள் ஏப்ரலுக்காகக் காத்திருப்பார். இரண்டாவது வகையில் ஒன்றாவது கையில் இருந்தால் வானிலை அறிக்கை கேட்கும் விதமே மாறிவிடும். மைனஸ் பதினைந்து என்று வானொலியில் சொன்னதும், "இன்றைக்கு ஸ்னோ வடிவாக விழும்" என்று உருப்பெருக்கியைத் தேடத் தொடங்குவீர்கள். அதனால் இரண்டாவது வகையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

ஸ்கேட்டிங்கை முதலில் சொல்ல வேண்டும். இந்த நகரசபை ஐம்பதுக்கு மேற்பட்ட திறந்தவெளி ஸ்கேட்டிங் தளங்களை நடத்துகிறது. பொதுநேரத்தில் போய்ச் சறுக்கக் காசு வாங்குவதில்லை. தரைக்கு அடியில் குளிர்க் குழாய்கள் ஓடுவதால், வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே போனாலும் பனிக்கட்டி தாக்குப்பிடிக்கும். நகரமண்டபத்துக்கு முன்னாலுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் சப்பாத்து வாடகைக்கும் கிடைக்கும். காடினர் விரைவுச்சாலையின் அடியில் 2018 ஜனவரியில் திறந்த பென்ட்வே பாதை எட்டு வடிவில் 220 மீற்றர் நீளம்; தலைக்கு மேலே வாகனங்கள் ஓட, கீழே சனம் சறுக்கிக்கொண்டு போகும். ஒட்டாவாவின் ரிடோ கால்வாய்த் தடம் 7.8 கிலோமீற்றர். ஆனால் அது முழுக்க இயற்கையான பனிக்கட்டி. 2022–23 பருவத்தில் போதிய அளவு உறையாததால் அதன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. குளிர்காலமும் என்றென்றைக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், கிடைக்கும்போது அதை அனுபவிக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தீவிரமாகத் தோன்றுகிறது.

முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு ஸ்கேட்டிங் பழகலாமா என்று பலர் கேட்பார்கள். பழகலாம். பெரியவர்களுக்கென்றே நகரசபை வகுப்புகள் இருக்கின்றன. முதல் வகுப்பில் எங்களுக்குக் கற்பித்தது விழுவது எப்படி என்பதைத்தான். முழங்காலை மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் விழ வேண்டும். விழுந்ததும் விரல்களைப் பொத்திக்கொள்ள வேண்டும், பின்னால் வருபவரின் பிளேட் அதன்மேல் ஏறாமல் இருக்க. விழும் பயம் போனபின் மற்றதெல்லாம் கெதியாக வந்தது. ஹொக்கி ஹெல்மெட் போடுங்கள். பெரியவர்களுக்கும் அது அவசியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சப்பாத்து காலோடு ஒட்டி நிற்க வேண்டும், உள்ளே மெல்லிய காலுறை ஒரு சோடி போதும். தடித்ததாக இரண்டு சோடி போட்டால் கணுக்கால் உள்ளே ஆடும், ஆடினால் நிற்க முடியாது. புதிதாக வாங்கிய சப்பாத்தின் பிளேட் பெரும்பாலும் தீட்டப்படாமல்தான் வரும். தீட்டாமல் இறங்கிவிட்டு "எனக்கு இது சரிவராது" என்று வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

ஒரு சனிக்கிழமை என்னுடைய மகள் என்னைவிட வேகமாகப் போய்த் திரும்பி வந்து, "அப்பா, கீழே பாக்காதேங்கோ, தூரத்திலை பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். வகுப்பில் கேட்டதைவிட அது எனக்கு நன்றாகப் பதிந்தது. கண் போகும் இடத்துக்குத்தான் உடம்பும் போகிறது.

ஸ்னோவைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு கமராவை இணைத்து ஒரு ஸ்னோத் துகளை முதன்முதலாகப் படமெடுத்தார். 1931இல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஜப்பானில் உகிச்சிரோ நகாயா என்ற இயற்பியலாளர் 1936இல், ஹொக்கைடோவில் இருந்த தன் ஆய்வுகூடத்தில், ஒரு முயல் மயிரின் நுனியில் ஸ்னோப் படிகத்தைச் செயற்கையாக வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையும் ஈரப்பதமும்தான் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவருடைய ஆய்வில் தெளிவானது. மைனஸ் ஐந்து பாகை அளவில் ஊசிகளும் சிறு தூண்களும் உருவாகும். மைனஸ் பதினைந்தை ஒட்டிய குளிரில்தான் கிளை விரித்த ஆறுமுக நட்சத்திரங்கள். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கப்படுவதால் எப்போதும் ஆறு.

இதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. பத்து மடங்கு பெருக்கும் சிறு உருப்பெருக்கி போதும். கறுப்புக் கம்பளித்துணி ஒன்றைப் பத்து நிமிடம் முன்பே வெளியே வைத்துக் குளிர விடுங்கள், இல்லையென்றால் விழுந்தவுடன் உருகும். காற்றில்லாமல் மெதுவாக, அங்கொன்று இங்கொன்றாக விழும் நேரம்தான் திறம். பெருமழைபோலக் கொட்டும்போது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சாகிவிடும். பார்க்கும்போது மூச்சை அடக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடக் கறுப்பு ஜாக்கெட்டின் கையில் விழுவதைப் பார்க்கலாம். நான் இதற்காகவே கறுப்புக் கம்பளிக் கையுறை போடுகிறேன்.

பறவைகளுக்கு வருவோம். குளிர் வந்ததும் பறவைகள் எல்லாம் தெற்கே பறந்துவிடும் என்று நினைப்பது வழக்கம். இங்கே இருந்து போவது பாதிக்கதை. வடக்கிலிருந்து இங்கே குளிர்காலத்தைக் கழிக்க வருபவையும் உண்டு. சாம்பல் நிற ஜங்கோ குருவிகளுக்கு ரொறன்ரோவே தெற்கு. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரிக்கும் நீள்வால் வாத்துகளுக்கு ஒன்டாரியோ ஏரிதான் குளிர்காலப் புகலிடம். ஏரிக்கரையில் நின்றால் கூட்டமாக அவை எழுப்பும் சத்தம் கேட்கும். வெளிநாட்டிலிருந்து வந்து இந்தக் குளிருக்குள் இடம் தேடியவன் என்ற முறையில், இந்த ஏரி இன்னொரு உயிருக்குக் கதகதப்பான இடம் என்று அறிந்தபோது அதைப் பார்க்கும் என் பார்வை மாறியது.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ஏரிக்கரையிலுள்ள பிளஃபர்ஸ் பூங்கா கிட்ட. அங்கே குளிர்காலத்தில் ட்ரம்பெட்டர் அன்னங்கள் வரும். வட அமெரிக்காவின் சொந்த நீர்ப்பறவைகளில் மிகப் பெரியது இதுதான். வேட்டையால் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு காலத்தில் முற்றாக அற்றுப்போன பறவை. ஹரி லம்ஸ்டன் என்ற உயிரியலாளர் 1982இல் தொடங்கிய மீட்பு முயற்சியால் திரும்பி வந்தது. சிலவற்றின் சிறகில் எண் பொறித்த மஞ்சள் பட்டி இருக்கும். அந்த எண்ணைக் குறித்து அனுப்பினால், அது கண்காணிப்புப் பதிவில் சேரும். ஒரே எண்ணை அடுத்த வருடமும் அதே கரையில் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே நடப்பதும் குறைவில்லை. கறுப்புத் தொப்பி போட்டதுபோன்ற தலையுடைய சிக்கடி என்ற குருவி பத்துப் பன்னிரண்டு கிராம்தான் இருக்கும். இரவில் தன் உடல் வெப்பத்தைப் பல பாகை குறைத்துச் சக்தியைச் சேமித்து, மைனஸ் இருபதையும் தாண்டிவிடுகிறது. சொந்தக் காணி இருந்தால் கறுப்புச் சூரியகாந்தி விதை போட்ட தீனிக்கூட்டைத் தொங்கவிடலாம். சிக்கடியும் சிவப்புக் கார்டினலும் தேடி வரும். கூட்டைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும், நோய் பரவும். பூங்காவில் தீனி போடக் கூடாது, நகரசபைச் சட்டம் தடுக்கிறது. பெயர் தெரியாத பறவையை அறிய கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி காசில்லாமல் கிடைக்கும். டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கும் கிறிஸ்மஸ் பறவைக் கணக்கெடுப்பு 1900இல் தொடங்கியபோது அதில் சேர்ந்த 25 இடங்களில் ரொறன்ரோவும் ஒன்று. புதியவர்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பெயர் தெரியாத ஊரில் நாலு பேரோடு பழக இதைவிட இலகுவான வழியை நான் காணவில்லை. எல்லோரும் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஆங்கிலம் எப்படி வருகிறது என்று ஒருவரும் கவனிப்பதில்லை.

இருட்டைப் பற்றி முதலில் சொன்னேன். வானம் பார்ப்பவர்களுக்கு அந்த இருட்டு ஒரு கொடை. கோடையில் நட்சத்திரம் பார்க்க இரவு பத்து மணிவரை இருக்க வேண்டும், பிள்ளைகள் அதற்குள் நித்திரை. டிசம்பரில் ஆறு மணிக்கே வானம் தயார். கார்த்திகைக் கூட்டமும் ரோகிணியும் கிழக்கில் ஏறி நிற்கும்; பிறகு ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம், அதன் தோளில் திருவாதிரை சிவந்து தெரியும். பூமத்திய ரேகைக்கு அருகே ஏறக்குறைய உச்சியில் கண்ட ஓரியனை இங்கே தெற்கு வானின் நடு உயரத்தில் காணலாம். துருவ நட்சத்திரம் மறுபக்கம்: அங்கே அடிவானத்தை ஒட்டித் தேட வேண்டியது, இங்கே வடக்கு வானில் பாதி உயரத்தில் அசையாமல் நிற்கிறது. இடம்பெயர்ந்திருக்கிறோம் என்பதை அண்ணாந்து பார்த்தே அளக்கலாம்.

நகர வெளிச்சத்திலும் இவை தெரியும். ஓரியனின் இடுப்புப் பட்டிக்குக் கீழேயுள்ள மங்கலான புகைமூட்டத்தைப் பார்க்க ஒரு சாதாரண இருகண்ணோக்கி போதும். டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள். ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள ரிச்மன்ட் ஹில்லில் 1935இல் திறந்த டேவிட் டன்லப் வானாய்வகத்தின் தொலைநோக்கிதான் கனடாவிலேயே பெரியது. பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகளும் அங்கே நடக்கும். வெளியே நிற்கும்போது கைபேசியை உள்பையில் வையுங்கள், குளிரில் பற்றரி வேகமாக இறங்கும். இருகண்ணோக்கியை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டால் கண்ணாடியில் ஈரம் படியாது.

உடுப்பைப் பற்றிச் சுருக்கமாக: உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல், அதன்மேல் தடித்தது, வெளியே காற்றுப் புகாதது. விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் உறை சூடானது. பறவைக்கும் வானத்துக்கும் அசையாமல் நிற்க வேண்டியிருப்பதால், ஸ்கேட்டிங்குக்குப் போடுவதைவிட ஓர் அடுக்குக் கூட்டிப் போடுங்கள்.

உறைமழை பெய்து நடைபாதை கண்ணாடியாகும் நாட்களில் வெளியே போகக் கூடாது. அந்த நாட்களுக்கு ரொறன்ரோ பொது நூலகம் இருக்கிறது. நூறு கிளைகள், அட்டை இலவசம், சில கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் அடுக்கடுக்காக. வாத்தியக் கருவிகளையும் இரவல் தருகிறார்கள். பின்னல் பழகினால் அதில் வரும் தொப்பி மறுபடி ஏரிக்கரைக்குப் போக உதவும், அதனால் எனக்கு அதில் தனிப் பிரியம்.

இந்த மாதம் வந்திறங்கியவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், வானம் அல்லது ஸ்னோ என்பேன். இன்று இரவே காசில்லாமல் தொடங்கலாம். ஸ்கேட்டிங் வகுப்புக்கு முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். பதிவு திறக்கும் காலையிலேயே இடங்கள் நிறைந்துவிடும், அதனால் நகரசபைக் கணக்கை அதற்கு முதலே திறந்து வைத்திருங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வெல்கம் பொலிசி என்ற உதவித்திட்டம் உண்டு. வகுப்புக் கட்டணத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். விண்ணப்பம் முடிய நாள் எடுக்கும் என்பதால் இலையுதிர் காலத்திலேயே போடுங்கள். ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கமாக இருந்தால் 311 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், இணைத்துவிடுவார்கள்.