சரி தம்பி

"நின்னே வாசிங்க அக்கா" என்று நான்தான் சொன்னேன். "உக்காந்தே வாசிச்சுக்கட்டுமா தம்பி?" என்று அவர் கேட்டதற்குப் பதில் அது. "நின்னாத்தான் குரல் திறக்கும். பின்வரிசையில இருக்கிறவங்களுக்கும் முகம் தெரியும்" என்று காரணமும் சேர்த்துக்கொண்டேன். கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடி அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி தம்பி."

தீபாவளி நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தபோது நடந்த பேச்சு. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பதினொரு மாதமாக அது என்னை விடவில்லை.

நான் சொன்னது சரிதான் என்று முதலில் நிறுவப் பார்க்கிறேன். அக்கா கிட்டாரை வலது தொடையில் வைத்து வாசிப்பவர். விரல் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகக் கிட்டாரின் முகத்தைத் தன் பக்கம் சாய்த்து, அதன்மேல் கவிந்துகொள்வார். புதிதாகக் கற்பவர்கள் பலரும் செய்வதுதான். அப்படிக் குனிந்தால் கிட்டாரின் மேல்விளிம்பு விலாவில் அழுத்தும், வயிறு மடங்கும், மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். வெறுமனே வாசிப்பவர் சமாளித்துவிடலாம். பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு ஒவ்வோர் அடியிலும் கடைசிச் சொல் தேய்ந்துபோகும். அக்காவுக்கு அப்படித்தான் தேய்ந்துகொண்டிருந்தது. எழுப்பி நிற்கவைத்தேன். அதே வகுப்பில், அதே பாட்டில், குரல் அறை முழுக்கக் கேட்டது. மற்ற மாணவர்கள் தங்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

நிற்பதற்கான ஏற்பாட்டையும் பொறுப்பாகத்தான் செய்தேன். அவருடைய கிட்டாரில் வார் மாட்டும் குமிழ் அடிப்பக்கம் மட்டுமே இருந்தது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இன்னொன்றை நானே திருகிப் பொருத்தினேன். வாரின் நீளத்தை அவரை உட்காரவைத்தே அளந்தேன். உட்கார்ந்திருக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ, எழுந்தாலும் அங்கேயே இருக்க வேண்டும். வார் நீண்டு கிட்டார் இடுப்புக்குக் கீழே தொங்கினால், எஃப் கார்டு என்ற சுரக்கூட்டுக்கு ஆள்காட்டி விரலை ஆறு தந்திகள்மேலும் படுக்கவைப்பதற்குள் இடது மணிக்கட்டு ஒடிவதுபோல மடங்கிவிடும். சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை முடிந்த கையோடு ஒரு இசைக்குழுவில் சேர்ந்து, 4 கிலோவுக்கு மேல் கனத்த லெஸ் பால் மின்கிட்டாரைத் தொடை வரை தொங்கவிட்டு வாசித்தவன் நான். தோற்றம் முக்கியமாக இருந்த வயது. மணிக்கட்டு வலியோடு பேனா பிடிக்க முடியாமல் இருந்த மாதங்களும் அந்த வயதில்தான். என் மாணவர் யாருக்கும் அது வரக் கூடாது என்பதில் இன்றுவரை கண்டிப்பாக இருக்கிறேன்.

அதற்கும் முன்னால், உயர்நிலைப் பள்ளிக் கிட்டார் குழுவில் நான்கு ஆண்டுகள். இடது கால் சின்ன மணைமேல், கிட்டார் இடது தொடையில், கழுத்து தோளுக்கு நேராக உயர்ந்து. ஸ்பெயினின் கிட்டார் மேதை தாரேகாவுக்குப் பிறகு நிலைபெற்ற அமர்வு அது. அவருக்கும் வெகு முன்பே அகுவாதோ என்ற இன்னொரு ஸ்பானியக் கலைஞர், கிட்டார் உடம்பில் அழுந்தாமல் முழுசாக ஒலிக்க வேண்டும் என்று மூன்று கால் தாங்கி ஒன்றைச் செய்து அதில் மாட்டி வாசித்தார். இந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவே இல்லை. உட்கார்ந்தும் நின்றும் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற தைரியத்தில்தான் அக்காவுக்கு அவ்வளவு சட்டென்று பதில் சொன்னேன்.

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. இரண்டு பாட்டு, எட்டு நிமிடம். எஃப் கார்டு ஓரிடத்தில்கூட மங்கவில்லை. கைதட்டல் நீண்டது. கீழே இறங்கியதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டார். "ரொம்ப நல்லா வந்துச்சு அக்கா" என்றேன். சிரித்தார்.

அன்று இரவு வடகிழக்குப் பாதை ரயிலில் வீடு திரும்பும்போது, சிராங்கூன் தாண்டியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. முதல் வகுப்பன்று எல்லோரையும் ஏன் கிட்டார் கற்க வந்தீர்கள் என்று கேட்டிருந்தேன். அக்கா சொன்னது: "22 வருஷம் பேரங்காடியில கல்லாவுல நின்னாச்சு தம்பி. வேலைய விட்டதும், இனிமே எது கத்துக்கிட்டாலும் உக்காந்து செய்யிறதா இருக்கணும்னு நெனச்சேன்." எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன்.

என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் கேட்டு, அவர் சொல்லியிருக்கிறார்.

பதிவு செய்த காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டாவது பாட்டில் வலது குதிகாலை மெல்லத் தூக்குகிறார், எடையை இடது காலுக்கு மாற்றுகிறார், சற்று நேரம் கழித்து மறுபடி வலதுக்கு. தாளம் தவறவில்லை, முகத்தில் எதுவும் இல்லை. முதலில் மேடைப் பதற்றம் என்று நினைத்தேன். நெடுநேரம் நின்று பழகிய கால்கள் தாமாகச் செய்வது அது என்று இப்போது நினைக்கிறேன். கல்லாவில் அப்படித்தான் நின்றிருப்பார்.

நின்றால்தான் குரல் திறக்கும் என்றேனே, அதையாவது நியாயப்படுத்த முடியுமா? நம் கச்சேரி மேடையில் யார் நிற்கிறார்கள்? 1966-இல் ஐ.நா.வில் எம்.எஸ். உட்கார்ந்துதான் பாடினார். மடியில் கிட்டார் வயிற்றை அடைத்துக்கொண்டிருந்தால் கதை வேறு என்று எனக்குள் ஒரு குரல் மறுக்கிறது. அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து நிற்பது ஒன்றுதானா? கைப்பிடி இல்லாத, கொஞ்சம் உயரமான முக்காலி போதும். வாரை உட்கார்ந்திருக்கும்போதும் மாட்டிக்கொண்டால் கிட்டார் தொடையில் சரியாது, குனிய வேண்டியும் இருக்காது. மூன்று வாரத்தில் அதைப் பழக்கியிருக்கலாம். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் கடைசி ஆண்டுகளில் நாற்காலியில் அமர்ந்தே வாசித்தார், பாடினார். அதற்காக யாரும் எழுந்து போகவில்லை. இவை எல்லாமே அன்றைக்கும் எனக்குத் தெரிந்தவைதான்.

அப்படியானால் ஏன் நிற்கச் சொன்னேன்? இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஒலி ஏற்பாட்டில் எங்களுக்கென்று கிடைத்தது நேரான மைக் ஸ்டாண்டு. உட்கார்ந்து பாடுபவருக்குக் கிட்டாரைத் தாண்டி வாய்வரை நீளும் கை வைத்த ஸ்டாண்டு வேண்டும். ஒலிக்காரரிடம் கேட்டால் கிடைத்திருக்கும். முன்னால் ஒரு நடனக்குழு, பின்னால் ஒரு நடனக்குழு. நடுவே நாற்காலி போட்டு, மைக் மாற்றி, உயரம் சரிசெய்து... எனக்கு அது வேண்டாமாக இருந்தது. குரல் பற்றிய காரணம் பொய்யில்லை. ஆனால் எது முதலில் தோன்றியது, எது பிறகு வந்து சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு நின்னது கஷ்டமா இருந்துச்சா அக்கா?"

"நல்லாத்தானே வந்துச்சு தம்பி" என்றார், கிட்டாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தபடி.

நான் கேட்டதற்கு இது பதில் இல்லை. அல்லது இதுதான் பதிலோ. ஒருவேளை நின்றது அவருக்கு ஒரு பொருட்டே இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் இவ்வளவு நாளும் அவர் கால்வலியை நான் சுமந்துகொண்டு திரிகிறேன், அவர் எப்போதோ இறக்கி வைத்துவிட்டார். அதுவும் ஒருவகையில் அவரைக் கேட்காமல் நானே முடிவு செய்வதுதான். வகுப்புக்குத் தவறாமல் வருகிறார். வலது தொடையில்தான் வைக்கிறார். வார் இன்னும் கிட்டாரில் தொங்குகிறது, மாட்டிக்கொள்வதில்லை.

அந்த நாளுக்குப் பிறகு எல்லா மாணவர்களிடமும் முதலில் அவரவர் வசதியைக் கேட்கிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை 15 வயதுப் பையன் ஒருவன் கூனிக்கொண்டு வாசித்தான். "எந்திரி, நின்னு வாசி" என்றேன். எழுந்தான். ஒலி தெளிந்தது. ஏன் கூனினான் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதை உணர்ந்தேன்.

இந்த வருட நிகழ்ச்சிக்கான மேடைத் தேவைப் படிவம் வந்திருக்கிறது. மைக் எத்தனை, ஸ்டாண்டு எந்த வகை, நாற்காலி எத்தனை. அக்கா பாடுவதாகச் சொல்லிவிட்டார். "எப்படி வாசிக்கிறீங்க அக்கா?" என்று கேட்டேன். "நீங்க சொல்ற மாதிரி தம்பி" என்றார். நாற்காலிக் கட்டத்தில் 1 என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.